மனவசியப் பேச்சா, நேர்ப்பேச்சா: யாரிடம் எதைக் கையாள்வது?

ஒருவரிடம் ஒரு காரியம் ஆக வேண்டும், அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் பேச எத்தனையோ வழி இருந்தாலும், கற்றுக்கொள்ளும் அளவுக்கு உருப்படியானவை நான்குதான் தேறும். ஹிப்னாடிசத்திலிருந்து வந்த மனவசியப் பேச்சு, விற்பனையாளர்கள் கையாளும் இணங்கவைக்கும் உத்திகள், கேள்வி கேட்டு அவர் வாயாலேயே வரவழைப்பது, காரணத்தைச் சொல்லி நேராகக் கேட்பது. முதலாவதற்குத்தான் விளம்பரம் அதிகம். நான்காவதற்கு யாரும் வகுப்பு நடத்துவதில்லை. அன்றாடப் பயனைப் பார்த்தால் வரிசை ஏறக்குறைய தலைகீழ்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரே ஒரு சோதனை போதும்: நடக்கப்போவதை விரும்புவது யார்? அவரே விரும்புகிறார், ஆனால் பயமோ உடம்போ ஒத்துழைக்கவில்லை என்றால் மனவசியப் பேச்சுக்கு இடமுண்டு. அவருக்கே அரை மனசு என்றால் கேள்வி. விருப்பம் முழுக்க உங்களுடையது என்றால் நேராகக் கேட்பது. உத்திகளுக்கு மிஞ்சும் இடம் சிறியது. அது ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

உதாரணத்துக்கு இரண்டு பேரைக் கூடவே அழைத்துப் போவோம்: இரத்த அழுத்த மாத்திரையை வாரத்தில் பாதி நாள் விட்டுவிடும் அப்பா, வெள்ளிக்கிழமை தர வேண்டிய கணக்கை இழுத்தடிக்கும் அலுவலக நண்பர்.

மனவசியப் பேச்சு

மில்டன் எரிக்சன் (1901–1980) அமெரிக்க மனநல மருத்துவர். "தூங்கு" என்று அதட்டும் பழைய பாணியை விட்டுவிட்டு, அனுமதி தருவதுபோல் சுற்றிவளைத்துப் பேசி நோயாளிகளை அறிதுயிலுக்கு (ஹிப்னாடிச நிலைக்கு) கொண்டுபோனவர். 1975இல் ரிச்சர்ட் பேண்ட்லரும் ஜான் கிரிண்டரும் அவர் பேச்சைப் பிரித்துப் போட்டு வாய்பாடுகளாக்கினார்கள். நியூரோ-லிங்குவிஸ்டிக் புரோகிராமிங், சுருக்கமாக என்.எல்.பி., என்ற பெயரில் அது விற்பனைப் பயிற்சிவரை பரவியது. பரவிய வழியில் முக்கியமான ஒன்று கழன்றுபோனது. எரிக்சனிடம் வந்தவர்கள் தங்கள் சிக்கல் தீர வேண்டும் என்று தாங்களாகவே வந்து உட்கார்ந்தவர்கள். விற்பனையாளர் எதிரே நிற்பவரின் நிலை அதுவல்ல. பிறரை வசப்படுத்தும் வழியாக என்.எல்.பி. பலிக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே சொல்லலாம் என்று 1988இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு முடிவுக்கு வந்தது. சுற்றிவளைத்துச் சொல்வது நேரடியாகச் சொல்வதைவிட வலுவானது என்ற நம்பிக்கையும் ஆய்வுகளில் பெரிதாகத் தாக்குப்பிடிக்கவில்லை.

வசப்படும் தன்மையும் ஆளுக்கு ஆள் மாறும். அதை அளக்க 1959இல் ஸ்டான்ஃபோர்டில் ஓர் அளவுகோலே உருவானது. நன்றாக வசப்படுவோர் ஒரு முனையில் கொஞ்சம், அறவே வசப்படாதோர் மறுமுனையில் கொஞ்சம், மிச்சப் பேர் நடுவில். வழியில் நின்று பேசும்போது எதிரில் இருப்பவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

ஆனாலும் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. முதலில் 'கூடவே நடந்து வழிமாற்றுவது'. அவருக்கு இந்த நொடியில் உண்மையாக இருக்கும் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். நான்காவதாக, நடக்க வேண்டியதை மெல்லச் சேர்க்க வேண்டும். ஊசிக்குப் பயந்து இறுகி உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் அது இப்படி இருக்கும்:

"ஊசியப் பாத்துட்டே. கை இறுகியிருக்கு. மூச்சு வேகமா வருது. மூச்ச வெளிய விட விட, கை கனமாகி மடியிலயே கிடக்கட்டும்."

இங்கே 'விட விட' என்ற அடுக்கைக் கவனியுங்கள். ஒன்று நடந்தால் இன்னொன்றும் தானாக நடக்கும் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது, வாதமே செய்யாமல். ஆங்கிலப் பயிற்சி நூல்கள் பெரிதாகச் சொல்லும் 'வாக்கியத்துக்குள் புதைத்த கட்டளை' தமிழில் எடுபடாது. ஆங்கிலத்தில் கட்டளை வினையும் வெறும் வினையடியும் ஒரே வடிவம், அதனால் ஒன்றுக்குள் ஒன்றை ஒளிக்க முடிகிறது. தமிழில் 'வா', 'போ' போன்ற ஒருமை ஏவலும் வெறும் வினையடிதான், ஆனால் வாக்கியத்துக்குள் வரும் வினை விகுதி ஏற்றே வரும், அதனால் ஒளிக்க இடமில்லை. நமக்குக் கைகொடுப்பவை வேறு: 'உட்காருங்களேன்' என்பதில் உள்ள ஏன், 'தோள் தானா இறங்கட்டும்' என்பதில் உள்ள அட்டும், 'கண்ணை மூடிக்கலாம்' என்பதில் உள்ள லாம். மூன்றும் அதட்டாமல் திசை காட்டுபவை. மொழிபெயர்த்த வாய்பாடுகளை மனப்பாடம் செய்வதைவிட இவற்றைப் பழகுவது மேல்.

சொல்லும் விதத்துக்கும் கணக்கு உண்டு. அந்த நான்காவது வரியை, பிள்ளை மூச்சை வெளியே விடும் நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும், உள்ளே இழுக்கும்போது சொன்னால் உடம்பு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும். வேகம் வழக்கத்தில் பாதி. குரல் இறங்கலாம், கிசுகிசுப்பாக மாறக் கூடாது. கிசுகிசுத்தால் பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும், பிள்ளைகளுக்குச் சந்தேகம் வரும். 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்வது வேறு வகைத் தவறு. வலி என்ற சொல்லைத்தான் அது முன்னே கொண்டுவந்து வைக்கிறது, ஊசி குத்தியதும் பொய்யாகவும் ஆகிவிடுகிறது. மருத்துவச் செயல்முறைகளின்போது பேசப்பட்டதைப் பதிவு செய்து ஆராய்ந்த எல்விரா லாங்கின் குழு, வலியைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டவர்கள் கூடுதல் வலியையும் பதற்றத்தையும் சொன்னதாக 2005இல் வெளியிட்டது. 'கொஞ்சம் அழுத்துற மாதிரி இருக்கும், பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும்' என்பது உண்மையும்கூட, பாதுகாப்பும்கூட.

அடுத்தது முன்முடிவைக் கேள்விக்குள் வைப்பது. 'மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுக்கறீங்களா, பின்னாடியா?' என்று கேட்டால், போடுவதா வேண்டாமா என்ற கேள்வி பேச்சிலேயே இல்லாமல் போகிறது. கேள்விக்குள் ஒளிந்த கருத்துக்கு வலு உண்டு என்பது உண்மைதான். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். 'இடித்தபோது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. நடந்தது என்ன என்று ஒருவரிடம் தெரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் இந்த வகைக் கேள்வியைத் தொடவே கூடாது என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. கிடைக்கும் பதில் பாதி உங்களுடையதாகவே இருக்கும்.

அப்பா விஷயத்தில் இது எப்படிச் சறுக்கும்? 'பின்னாடி' என்பார். நான்கு நாள் போடுவார். ஐந்தாம் நாள் விடுவார். ஏன் விடுகிறார் என்ற கேள்வியை நீங்கள்தான் அடைத்துவிட்டீர்களே. வளர்ந்த பிள்ளைகளிடமோ முதல் தடவையே 'ரெண்டும் வேணாம்' என்று வரும். தெரிவைப் பறிக்கிறார்கள் என்று மோப்பம் பிடித்த நொடியில் மனிதர்கள் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஜாக் பிரெம் 1966இலேயே இதை ஒரு கோட்பாடாக எழுதிவைத்தார்.

ஆகவே தூக்கம் வராமல் புரள்பவர், மேடையேறக் கைநடுங்குபவர், பல் மருத்துவர் நாற்காலியில் இறுகிக் கிடப்பவர்: இவர்களிடம் மனவசியப் பேச்சு. கையெழுத்து, பணம், கல்யாணம், உடல் நெருக்கம் ஆகியவற்றுக்குச் சம்மதம் வாங்க ஒருபோதும் வேண்டாம்.

இணங்கவைக்கும் உத்திகள்

மனவசியப் பேச்சைவிட இவை நன்றாகச் சோதிக்கப்பட்டவை. எண்களும் மலைக்கவைக்கும். 1966இல் ஃப்ரீட்மனும் ஃப்ரேசரும் கலிபோர்னியாவில் வீடு வீடாகப் போய், 'கவனமாக ஓட்டுங்கள்' என்ற பெரிய, அழகில்லாத பலகையை வீட்டு முன்புறத்தில் நடச் சம்மதமா என்று கேட்டார்கள். நேராகக் கேட்டபோது சம்மதித்தவர்கள் 17 சதவீதம். சுமார் இரண்டு வாரம் முன்னால் அதே கருத்துள்ள சின்னச் சீட்டு ஒன்றை வைக்க ஒப்புக்கொண்டிருந்த வீடுகளில் 76 சதவீதம். 1975இல் ராபர்ட் சியால்டினியின் குழு இதைத் திருப்பிப் போட்டது: முதலில் பெரிதாகக் கேட்டு மறுப்பு வாங்கு, பிறகு சிறிதாகக் கேள். சீர்திருத்தப் பள்ளிப் பிள்ளைகளை ஒருநாள் விலங்குக் காட்சிசாலைக்கு அழைத்துப்போக ஒப்புக்கொண்டவர்கள் 17 சதவீதம். வாரம் இரண்டு மணி நேரம் என்று இரண்டு வருடம் உழைக்க முடியுமா என்று முதலில் கேட்டு, மறுத்த பிறகு இதைக் கேட்டபோது 50 சதவீதம்.

செய்யும் முறையில் தவறினால் இரண்டும் புஸ்வாணம். சிறியதில் தொடங்குவதானால் அது பெரியதன் இனத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், அதற்குக் கூலியோ பரிசோ கொடுக்கக் கூடாது. 'நான் இப்படிப்பட்ட ஆள்' என்று அவர் தன்னைப் பற்றி எண்ணிக்கொள்வதுதான் இதன் உந்துவிசை. பரிசு கொடுத்தால் 'பரிசுக்காகச் செய்தேன்' என்று கணக்கு முடிந்துவிடும். பெரியதில் தொடங்குவதானால் அதே ஆள், அதே மூச்சில், சிறியதைக் கேட்க வேண்டும். நாளைக்கு வந்து கேட்டாலும் வேறொருவர் வந்து கேட்டாலும் 'இவர் இறங்கி வந்தார், நானும் இறங்குவோம்' என்ற உணர்வு எழாது. முதல் கோரிக்கை நம்பும்படியாகவும் இருக்க வேண்டும்.

மூன்றாவது ஒன்று உண்டு: சரி என்று சொல்ல வைத்துவிட்டு, சங்கடமான விவரத்தைப் பிறகு சொல்வது. 1978 ஆய்வு ஒன்றில், காலை 7 மணிக்கு வர வேண்டும் என்பதைச் சம்மதம் வாங்கிய பிறகே சொன்னபோது 53 சதவீத மாணவர்கள் வந்து நின்றார்கள். முதலிலேயே சொன்னபோது 24. பலன் பெரிதுதான். ஆனால் வீட்டிலும் அலுவலகத்திலும் இதைச் செய்பவரை ஏமாற்றுக்காரர் என்றுதான் சொல்வார்கள், அது நியாயமும்கூட.

இந்த எண்களில் பெரும்பாலானவை அறிமுகமற்றவர்களிடம், ஒரே ஒரு முறை, அப்போதைக்கு ஒரு 'சரி' வாங்கியதன் கணக்கு. நன்கொடைக்கோ தன்னார்வப் பணிக்கோ ஆள் திரட்டுபவருக்கு அது போதும். அலுவலக நண்பர் உங்களைத் தினமும் பார்ப்பவர். திங்கட்கிழமையே வேண்டும் என்று பொய்க்கெடு வைத்து வெள்ளிக்கு இறங்கிவந்தால், அடுத்த மாதத்திலிருந்து நீங்கள் சொல்லும் எந்தத் தேதியோடும் அவரே நான்கு நாள் கூட்டிக்கொள்வார். அப்பாவுக்கோ தேவை ஒரு சம்மதம் அல்ல, தினமும் காலையில் ஒன்று. உத்திகளில் எனக்குப் பயன் தெரிவது சிறியதிலிருந்து தொடங்குவது ஒன்றில்தான், அதுவும் சிறியது உண்மையிலேயே முதல் படியாக இருந்தால். 'மொதல்ல மாத்திரை டப்பாவ மட்டும் மேசை மேல வைங்கப்பா' என்பதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

கேள்வி கேட்டு வரவழைப்பது

குடிப்பழக்கச் சிகிச்சையில் பிறந்த முறை இது. வில்லியம் மில்லர் 1983இல் முதல் கட்டுரையை எழுதினார். ஸ்டீஃபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991இல் நூலாக்கினார். அடிப்படை எளிது. அரை மனசாக இருப்பவரிடம் நீங்கள் ஒரு பக்கம் வாதாடினால் அவர் மறுபக்கம் வாதாடுவார், தன் வாயால் வந்ததைத் தானே நம்பவும் தொடங்குவார். ஆகவே மாற்றத்துக்கான வாதம் அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

முதலில் அனுமதி: "மாத்திரை விஷயமா கொஞ்சம் பேசலாமாப்பா?" வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். சரி என்றால் விரிந்த கேள்வி ஒன்று: "அது போடறது எப்படி இருக்கு உங்களுக்கு?"

"போட்டா தலை சுத்துது. அதான் பிரச்சின."

இந்த இடத்தில் 'டாக்டர் சொல்லிருக்காருல்ல' என்று நாக்கு துடிக்கும். திருத்தப் பாயும் அந்தத் துடிப்பை அடக்குவதுதான் இந்த முறையில் மிகக் கடினமான பாகம். சொல்ல வேண்டியது, அவர் சொன்னதற்குள் இருப்பதைத் திருப்பித் தருவது: "போட்டா நடக்கவே பயமா இருக்கு." கேள்விபோல் குரலை ஏற்றாமல், வாக்கியமாக இறக்கி முடிக்க வேண்டும். ஏற்றினால் விசாரணைபோல் ஆகி அவர் தற்காத்துக்கொள்ளத் தொடங்குவார்.

"ஆமா. அதுக்குன்னு ஒரேயடியா விடவும் முடியாது. உங்க சித்தப்பன் பக்கவாதத்துல படுத்தத பாத்தவன்தானே நான்."

பிடித்துக்கொள்ள வேண்டியது கடைசி வரியை. "விட்டா என்ன ஆகும்னு பக்கத்துல இருந்து பாத்திருக்கீங்க" என்று அதை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். தலைசுற்றலுக்கே திரும்பினால் பேச்சும் பின்னால் போய்விடும். பழகியவர்கள் ஒரு கேள்விக்கு இரண்டு திருப்பித்தரல் என்ற விகிதத்தைக் குறிவைப்பார்கள். தொடர்ந்து மூன்று கேள்வி கேட்டாலே காவல் நிலைய வாடை வரும்.

பிறகு அளவுகோல்: "தெனம் போடறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தன?" நாலு என்கிறார். "ரெண்டுன்னு சொல்லாம நாலுன்னு சொல்றீங்களே, ஏம்ப்பா?" கீழ்நோக்கித்தான் கேட்க வேண்டும். 'ஏன் எட்டு இல்ல?' என்று கேட்டால் போடாமலிருப்பதற்கான காரணங்களை அவரே வரிசையாக அடுக்கித் தருவார்.

இந்தப் பேச்சில் தலைசுற்றல் வெளியே வந்ததைப் பாருங்கள். அது அலட்சியம் அல்ல, மருத்துவரிடம் போக வேண்டிய செய்தி. அளவையோ மருந்தையோ நேரத்தையோ மாற்றுவது மருத்துவர் வேலை, அதுவரை தானாக நிறுத்துவதும் ஆபத்து. 'முன்னாடியா, பின்னாடியா' என்ற சாமர்த்தியமான கேள்வி இந்தச் செய்தியைப் புதைத்தே விட்டிருக்கும். வசப்படுத்தும் பேச்சின் மீது எனக்குள்ள பெரிய புகார் இதுதான். வென்றாலும், தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் வெல்லும்.

குறைகளும் உண்டு. பதினைந்து, இருபது நிமிடம் அவசரமில்லாமல் கிடைக்க வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு பதில்தான் வேண்டும் என்றால் இது நாடகமாகிவிடும். அலுவலக நண்பரிடம் 'கணக்க முடிக்கறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?' என்று கேட்பது எரிச்சலைத்தான் கிளப்பும்.

நேராகக் கேட்பது

அலுவலக நண்பருக்கு இது போதும். 'வெள்ளி மதியம் மூணு மணிக்குள்ள அந்தக் கணக்கு வேணும் சார். நாலு மணிக்கு நான் மேல அனுப்பணும். முடியாதுன்னா இன்னிக்கே சொல்லிடுங்க, வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்.' இதில் நான்கு உறுப்புகள்: என்ன, எப்போது, ஏன், மறுக்க வழி. பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஐந்து நொடி அமைதியைத் தாங்க முடியாமல் 'பரவால்ல, முடிஞ்சா பாருங்க' என்று தானே அவிழ்த்துவிடுபவர்கள்தான் அதிகம்.

காரணம் ஒன்று போதும். ஐந்து சொன்னால் இருப்பதில் நோஞ்சானான காரணத்தைத்தான் பிடித்து மறுப்பார். 'ஏனென்றால்' என்ற சொல்லுக்கே மந்திரசக்தி உண்டு என்று பயிற்சியாளர்கள் சொல்வது எலன் லாங்கரின் 1978 நகலெடுக்கும் எந்திர ஆய்வை வைத்து. அதைப் பாதிதான் சொல்வார்கள். 5 பக்கம் நகலெடுக்க இடம் கேட்டபோது, காரணமில்லாமல் 60 சதவீதம் பேர் விட்டார்கள், 'நகல் எடுக்கணும்' என்ற வெற்றுக் காரணத்துக்கு 93, உண்மையான காரணத்துக்கு 94. சரி. ஆனால் 20 பக்கம் என்றபோது வெற்றுக் காரணத்துக்கும் காரணமின்மைக்கும் ஒரே 24 சதவீதம், அவசரம் என்ற உண்மைக் காரணத்துக்கு 42. கேட்பது பெரிதானவுடன் மனிதர்கள் காரணத்தை எடைபோடத் தொடங்கிவிடுகிறார்கள்.

மறுக்க வழி விடுவது பலவீனம் என்று தோன்றலாம். 2000இல் கெகனும் பாஸ்கலும் பிரான்சில் முன்பின் தெரியாதவர்களிடம் பேருந்துக்குக் காசு கேட்டுப் பார்த்தார்கள். வெறுமனே கேட்டபோது கொடுத்தவர்கள் 10 சதவீதம். 'கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்' என்று சேர்த்தபோது 47.5. மற்ற உத்திகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்: இது என்ன என்று அவருக்கு விளக்கிச் சொன்னாலும் கெட்டுப்போவதில்லை. நிபந்தனை ஒன்றுதான், சுதந்திரம் உண்மையாக இருக்க வேண்டும். 'உங்க இஷ்டம்' என்று சொல்லிவிட்டு மறுத்தவுடன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், அந்தச் சொல் அந்த வீட்டில் அதன்பிறகு மிரட்டலாகத்தான் கேட்கும்.

சம்மதம் வந்ததும் எப்போது, எங்கே என்று கட்டிவிட வேண்டும். பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கிய 'இது நடந்தால் அது செய்வேன்' வடிவம் இதற்கு மிகப் பொருத்தம். 'தெனம் மறக்காம போடறேன்' என்பது தேறாது. மருத்துவர் நேரத்தை மாற்றித் தந்த பிறகு, 'பல் தேய்ச்சுட்டு வந்ததும் கண்ணாடிக்குப் பக்கத்துல இருக்கறத போட்டுடுவேன்' என்று அப்பாவே சொன்னால் தேறும். வாக்கியத்தை அவர் அமைக்க வேண்டும், நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

நடைமுறையில் ஒரு வழியிலேயே நிற்க வேண்டியதில்லை. நேராகக் கேட்டுத் தொடங்குங்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டாவது முறையும் மழுப்பல் வந்தால், அவருக்குள் ஏதோ இழுபறி இருக்கிறது, கேள்விக்கு மாறுங்கள். தெளிவான 'வேண்டாம்' வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அதே நாளில் வேறு வார்த்தையில் மறுபடி கேட்பது அவரது மறுப்பைக் கெட்டிப்படுத்தும்.

உங்கள் மீதே இவற்றை யாராவது பிரயோகித்தால் அடையாளம் காண்பது கடினமில்லை. மறுக்கவே முடியாத சின்னச் சின்ன விஷயங்களுக்கு வரிசையாக உங்களைத் தலையாட்ட வைப்பார். உங்கள் வேகத்துக்கு இறங்கி வந்து பேசுவார். 'வாங்குவதா' என்பது தாண்டி 'எந்த நிறம்' என்பதில் பேச்சு நிற்கும். அப்போது உட்கார்ந்திருந்தால் எழுந்திருங்கள், தாளம் கெடும். பிறகு கேள்வியை அதன் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள்: 'இத வாங்கறதா வேணாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. விலையையும் நிபந்தனையையும் எழுதிக் குடுங்க, நாளைக்குச் சொல்றேன்.' நேர்மையான ஆள் எழுதிக் கொடுப்பார். 'இன்னிக்கு மட்டும்தான் இந்த விலை' என்று பதில் வந்தால் விடை கிடைத்துவிட்டது, நாளைவரை காத்திருக்க வேண்டியதில்லை.